நெட் போனாலும் ரீடிங் போகக்கூடாது: தூரத்து சென்சாரை இணைக்கும் வழி

போர்டை வைஃபையில் சேர்த்து, சென்சார் காட்டும் வெப்பநிலையை எங்கோ இருக்கும் சர்வருக்கு அனுப்புவது ஒரு மாலை வேலை. மாதிரி நிரல்கள் எங்கும் கிடைக்கின்றன, இரண்டை எடுத்து ஒட்டினால் ஓடிவிடும். அதே போர்டை ஒரு பெட்டிக்குள் வைத்து, தினமும் போய்ப் பார்க்க முடியாத இடத்தில் மாட்டிவிட்டு வந்து, மூன்று மாதம் கழித்து வரைபடத்தைத் திறந்தால் நடுவில் ஓட்டை இருக்கக்கூடாது என்றால், அது வேறு வேலை. நான் எழுதப்போவது இந்த இரண்டாவது வேலையைப் பற்றித்தான்.

அளப்பது ஒரு வேலை, அனுப்புவது இன்னொரு வேலை. நிரலில் இரண்டையும் ஒன்றாகப் பின்னிவிட்டால் நெட் போகும்போது ரீடிங்கும் கூடவே போய்விடும். அதனால் வரிசை இதுதான்: அளந்து, நேரம் போட்டு, போர்டிலேயே எழுதிவைத்துவிட வேண்டும். அப்புறம் நெட் இருந்தால் அனுப்பலாம், போய்ச் சேர்ந்தது என்று எதிர்முனை சொன்ன பிறகுதான் அழிக்க வேண்டும். கீழே வருவதெல்லாம் இதைச் செய்யப்போய் நான் தடுக்கி விழுந்த இடங்கள்.

பேச வசதியாக ஒரே அமைப்பை எடுத்துக்கொள்வோம். வைஃபை உள்ள சின்னக் கட்டுப்பாட்டுச் சில்லு பொருத்திய ஒரு ஈ.எஸ்.பி.32 போர்டு, தொட்டித் தண்ணீரில் மூழ்கியிருக்கும் ஒரு டி.எஸ்.18பி20 வெப்பநிலை சென்சார், 10 நிமிடத்துக்கு ஒரு ரீடிங், எல்லாம் பேட்டரியில். உங்களுடையது மண் ஈரமோ காற்றழுத்தமோ எதுவாக இருந்தாலும் எலும்புக்கூடு இதேதான்.

ஒயரில் ஆரம்பிப்போம்

டி.எஸ்.18பி20-க்கு மூன்று ஒயர்: 3.3 வோல்ட், கிரவுண்ட், டேட்டா. டேட்டா ஒயருக்கும் 3.3 வோல்டுக்கும் நடுவே ஒரு 4.7 கிலோஓம் ரெசிஸ்டர் கட்டாயம் வேண்டும். இதை விட்டுவிட்டு சென்சாரைக் குறை சொல்பவர்கள் நிறைய. 12 பிட் துல்லியத்தில் இந்த சென்சார் ஒரு ரீடிங் எடுக்க 750 மில்லிசெகண்ட் வரை ஆகும். அதற்கு முன்னால் அவசரப்பட்டுப் படித்தால், அல்லது நடுவில் அதற்குப் பவர் ஒரு கணம் போய் வந்தால், 85 டிகிரி என்று சொல்லும். அது தொட்டியின் வெப்பம் இல்லை, சென்சார் உயிர்பெறும்போது அதன் நினைவகத்தில் இருக்கும் தொடக்க எண். ஒயரே கழன்றுவிட்டால் ஆர்டுயினோவில் (போர்டுக்கு நிரல் எழுதும் மென்பொருள்) வழக்கமாகப் பயன்படுத்தும் லைப்ரரி, அதாவது தயார் நிரல் தொகுப்பு, -127 என்று கொடுக்கும்.

இந்த இரண்டு எண்களையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். என் முதல் தொட்டியில் இணைப்பு ஒன்று லேசாக ஆடிக்கொண்டிருந்தது. ஒரு நாளின் 144 ரீடிங்கில் ஆறு மட்டும் 85. வரைபடத்தைச் சுருக்கிப் பார்த்ததால் அந்த ஆறு ஊசிகளும் கண்ணில் படவே இல்லை, நாள் சராசரி மட்டும் 2 டிகிரிக்கு மேல் ஏறியிருந்தது. வெயில் அதிகம் போல என்று ஒரு வாரம் நானே எனக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன்! அன்றிலிருந்து சந்தேகமான ரீடிங் வந்தால் ஒரு செகண்ட் விட்டு மறுபடி எடுப்பேன். மூன்று முறையும் அப்படியே வந்தால் எண்ணுக்குப் பதில் ஒரு பிழைக் குறி போகும். வெற்றிடம் போகலாம், பொய் எண் போகக்கூடாது. பூஜ்யமும் கூடாது, பூஜ்யம் என்பதும் ஒரு வெப்பநிலைதானே.

ஒயர் நீளம் பற்றி ஒரு சொல். ஐ2சி என்பது ஒரே பலகைக்குள் இருக்கும் சில்லுகள் பேசிக்கொள்வதற்காக வந்தது. மொத்தப் பாதையின் கெப்பாசிட்டன்ஸ் (மின்னூட்டம் தேக்கும் அளவு) 400 பிக்கோஃபாரடுக்குள் இருக்க வேண்டும் என்பது அதன் விதி, நீள ஒயர் போட்டால் அது சீக்கிரமே தீர்ந்துவிடும். ஐ2சி-யில் பேசும் பி.எம்.இ.280 போன்ற சென்சாரை ஐந்து மீட்டர் தள்ளி வைத்துவிட்டு, சில நேரம் வருகிறது சில நேரம் வரவில்லை என்று புலம்புவதில் பயனில்லை. தள்ளித்தான் வைக்க வேண்டும் என்றால் டி.எஸ்.18பி20 மாதிரி டேட்டாவை ஒற்றை ஒயரில் அனுப்பும் சென்சார் அதைவிட நன்றாகத் தாங்கும். நூறு மீட்டர் கணக்கில் போக வேண்டுமா, ஆர்.எஸ்.485 என்ற நீள ஒயர் இணைப்பு முறைக்குப் போய்விடுங்கள். முறுக்கிய ஜோடி ஒயரில், குறைந்த வேகத்தில் 1200 மீட்டர் வரை போகும், இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் போட மறக்காதீர்கள்.

அனலாக் சென்சார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பொறி காத்திருக்கிறது. பழைய, அசல் ஈ.எஸ்.பி.32-ல் அனலாக் வோல்டேஜை எண்ணாக மாற்றும் ஏ.டி.சி. பிரிவுகள் இரண்டு உண்டு, வைஃபை ஓடும்போது இரண்டாவதை நம்ப முடியாது. தனியாகச் சோதிக்கும்போது அருமையாக வேலை செய்யும், வைஃபை சேர்த்ததும் செத்துவிடும், நீங்கள் சென்சாரை மாற்றிக்கொண்டிருப்பீர்கள். 32 முதல் 39 வரையான பின்களிலேயே அனலாக் ஒயரை வையுங்கள். அப்புறம், இந்த போர்டின் பின்கள் 3.3 வோல்ட் வரைதான். ஒலி அலையால் தூரம் அளக்கும் சென்சார் போல 5 வோல்ட் திருப்பித் தருபவற்றுக்கு நடுவில் இரண்டு ரெசிஸ்டர் போட்டு வோல்டேஜைக் குறையுங்கள்.

பேட்டரிக் கணக்கு

வைஃபை அனுப்பும் அந்த நொடிப் பொழுதில் ஈ.எஸ்.பி.32 சுமார் 240 மில்லிஆம்பியர் வரை இழுக்கும். ஒயர் மெலிதாக இருந்தாலோ ரெகுலேட்டர் தாங்காவிட்டாலோ வோல்டேஜ் சட்டென்று விழும், போர்டு தானே ரீசெட் ஆகும், மறுபடி வைஃபையில் சேரப் போகும், மறுபடி விழும். போர்டு அனுப்பும் வரிகளைக் கணினியில் காட்டும் சீரியல் மானிட்டரில் பிரவுன்அவுட் (வோல்டேஜ் போதவில்லை) என்று ஒரு வரி திரும்பத் திரும்ப வந்தால் நிரலைத் தொடாதீர்கள், பவரைப் பாருங்கள். போர்டின் பவர் பின்களுக்குப் பக்கத்திலேயே 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைப் போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

இப்போது கணக்கு. தூங்காமல் வைஃபையோடு விழித்தே இருந்தால் சராசரி 80 மில்லிஆம்பியர் என்று வைத்தால், 2000 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி 25 மணி நேரத்தில் காலி. 10 நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து, 5 செகண்ட் மட்டும் 100 மில்லிஆம்பியர் இழுத்துவிட்டுத் தூங்கினால் சராசரி 0.83 மில்லிஆம்பியர், அதாவது கிட்டத்தட்ட 100 நாள். காகிதத்தில்! ஏனென்றால் டீப் ஸ்லீப் என்ற ஆழ்ந்த தூக்கத்தில் சில்லு மட்டும் 10 மைக்ரோஆம்பியர் அளவில்தான் இழுக்கிறது, அது உட்கார்ந்திருக்கும் டெவலப்மென்ட் போர்டோ விளக்கு, யூ.எஸ்.பி. சில்லு, ரெகுலேட்டர் என்று எல்லாவற்றையும் எரிய வைத்துக்கொண்டு 10 மில்லிஆம்பியர் கூட இழுக்கும். அப்படியானால் 100 நாள் எட்டு நாளாகிவிடும். ஒரே ஒரு முறை மல்டிமீட்டரை வரிசையில் இணைத்துத் தூக்கத்தில் எவ்வளவு ஓடுகிறது என்று பாருங்கள், எந்த போர்டு வாங்குவது என்ற கேள்விக்கு விடை அங்கேயே கிடைக்கும். பேட்டரிக்கென்றே செய்த போர்டுகள் இருக்கின்றன, அவற்றை எடுப்பது நல்லது. பவர் விளக்கைப் பிடுங்கி எறிபவர்களும் உண்டு, நானும் செய்திருக்கிறேன்.

வைஃபைக்காக உட்கார்ந்திருக்கக் கூடாது

மாதிரி நிரல்களில் வைஃபை பகுதி எப்போதும் ஒரே மாதிரி இருக்கும்: இணையும் வரை சுற்று, சுற்றும்போது ஒரு புள்ளி அச்சிடு. மேசையில் அந்தப் புள்ளிகள் ஓடுவது அழகுதான். பெட்டிக்குள் அதுதான் எமன். ஓர் இரவு ரவுட்டர் அணைந்து கிடந்தது, போர்டு விடிய விடியப் புள்ளி போட்டிருக்கிறது, பார்க்க ஆளில்லை. ரவுட்டர் திரும்ப வந்தபோது பேட்டரி இல்லை. ரவுட்டர் ஒன்பது மணி நேரம் இல்லாததற்கு எனக்குப் போனது பதினொரு நாள் தரவு, ஏனென்றால் அங்கே போக எனக்கு அவ்வளவு நாளாயிற்று.

எனவே காத்திருப்புக்கு ஒரு வரம்பு: 15 செகண்ட். அதற்குள் சேரவில்லையா, விட்டுவிட்டுத் தூங்கு, ரீடிங் ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. எங்கே எழுதுவது? டீப் ஸ்லீப்பிலும் அழியாமல் இருக்கும் ஆர்.டி.சி. நினைவகம் ஈ.எஸ்.பி.32-ல் 8 கிலோபைட் உண்டு. ரீடிங்கைச் சிக்கனமாகக் கட்டினால் இதுவே தாராளம். நேரத்துக்கு 4 பைட், வெப்பநிலையை நூறால் பெருக்கி முழு எண்ணாக 2 பைட் (28.31 என்பது 2831 ஆகும்), பேட்டரி மில்லிவோல்ட் 2 பைட். மொத்தம் 8 பைட். 4 கிலோபைட் ஒதுக்கினால் 512 ரீடிங், மூன்றரை நாள். பேட்டரியைக் கழற்றினால் இது போய்விடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். வாரக்கணக்கில் நெட் இல்லாமல் தாங்க வேண்டும் என்றால் பவர் போனாலும் அழியாத ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதுங்கள், ஆனால் ஒவ்வொரு ரீடிங்குக்கும் எழுதாமல் கொஞ்சம் சேர்த்து எழுதுங்கள், ஃபிளாஷின் ஒவ்வொரு பகுதிக்கும் அழித்தெழுதும் தடவை ஒரு லட்சம் அளவில்தான்.

இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் வைஃபையை எழுப்ப வேண்டியதில்லை. 10 நிமிடத்துக்கு ஒரு முறை அளந்துவிட்டு, ஆறு ரீடிங் சேர்ந்ததும் மணிக்கு ஒரு முறை அனுப்பினால் பேட்டரிச் செலவு வெகுவாகக் குறையும். தொட்டி வெப்பநிலையை ஒரு மணி நேரம் தாமதமாகத் தெரிந்துகொண்டால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. கசிவு அலாரம் என்றால் அது வேறு கதை.

ஈ.எஸ்.பி.32-க்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டுமே தெரியும், 5 கிகாஹெர்ட்ஸ் பெயரைக் கொடுத்துவிட்டு இணையவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்ளாதீர்கள். இரும்புப் பெட்டிக்குள் வைக்காதீர்கள், சிக்னல் வெளியே வராது. ஒவ்வொரு அனுப்புதலிலும் வைஃபை சிக்னல் வலிமையையும் சேர்த்து அனுப்புங்கள். -65 என்று வந்துகொண்டிருந்தது -82 என்று பலவீனமாகிவிட்டால் எதிரில் யாரோ எதையோ கொண்டுவந்து வைத்துவிட்டார்கள் என்று போகாமலேயே தெரியும்.

எதில் அனுப்புவது

எல்லோரும் எம்.க்யூ.டி.டி. என்பார்கள். நல்ல நெறிமுறைதான். 1999-ல் ஆன்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் ஆர்லென் நிப்பரும் செயற்கைக்கோள் வழியாக எண்ணெய்க் குழாய்களைக் கண்காணிக்கச் செய்தது. குறைந்த பைட், நடுவில் செய்திகளை வாங்கிக் கொடுக்கும் புரோக்கர் என்ற ஒரு நிரல், யார் வேண்டுமானாலும் ஒரு டாபிக்கை (செய்தியின் தலைப்பை) கேட்டுக்கொண்டிருக்கலாம். போர்டு எப்போதும் விழித்திருக்கிறது, அதற்குக் கட்டளையும் அனுப்ப வேண்டும், போர்டுகளும் நிறைய என்றால் யோசிக்காமல் இதையே எடுங்கள்.

ஆனால் மணிக்கு ஒரு முறை எழுந்து கொட்டிவிட்டுத் தூங்கும் நம் தொட்டி போர்டுக்கு, இணையதளங்கள் பயன்படுத்தும் சாதாரண எச்.டி.டி.பி. போதும் என்பது என் கட்சி. காரணம் ஒன்றுதான்: சர்வர் வாங்கி, தரவுத்தளத்தில் எழுதி, 200 என்று பதில் சொன்னால் அதுவே ரசீது. ரசீது வந்தால் போர்டில் அழி, வராவிட்டால் வைத்திரு. எம்.க்யூ.டி.டி.-யில் இதே உறுதி வேண்டும் என்றால் க்யூ.ஓ.எஸ். 1 (ரசீது கேட்டு அனுப்பும் தரம்) வேண்டும். ஆர்டுயினோவில் பலரும் எடுக்கும் பப்சப்கிளையன்ட் லைப்ரரி அனுப்பும்போது க்யூ.ஓ.எஸ். 0 மட்டும்தான் செய்யும், அதாவது வீசிவிட்டுத் திரும்பிப் பார்க்காது. வீசிய கையோடு தூங்கப் போனால் அந்தச் செய்தி போர்டை விட்டுக் கிளம்பாமலேயே இருக்கலாம், நிரலோ வெற்றி என்று நினைத்துக்கொண்டிருக்கும். அதே லைப்ரரியில் ஒரு செய்தி டாபிக்கோடு சேர்த்து 256 பைட்டைத் தாண்டினால் அனுப்பாமல் தோல்வி (false) என்று திருப்பித் தரும், அதை நாம் பார்ப்பதே இல்லை. டாபிக் பெயர்கள் எல்லா மொழி எழுத்தையும் ஏற்கும் யு.டி.எஃப்-8 முறையில் என்பதால் தமிழிலேயே வைக்கலாம், ஆசைக்கு நானும் வைத்தேன், வேலையும் செய்தது. ஆனால் தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். ‘வெப்பம்’ என்ற சின்னச் சொல்லிலேயே கொம்பு, புள்ளி எல்லாம் சேர்த்து ஏழு குறி, 21 பைட் போய்விடும். லைப்ரரியின் அளவைக் கூட்டிக்கொள்ள ஒரு வசதி இருக்கிறது, கூட்டிக்கொள்ளுங்கள்.

எம்.க்யூ.டி.டி.-யில் இன்னொரு குழி. இரண்டாவது போர்டு வாங்கினேன், அதே நிரலை அப்படியே ஏற்றினேன். மேசையில் தனித்தனியாகச் சோதித்தபோது இரண்டும் சரி. சேர்த்து ஓட்டினால் இரண்டும் சில செகண்டுக்கு ஒரு முறை அறுந்து அறுந்து சேர்ந்தன. ரவுட்டரைச் சந்தேகப்பட்டு ஒரு நாள் போயிற்று. விஷயம் என்னவென்றால் இரண்டுக்கும் ஒரே கிளையன்ட் ஐ.டி., அதாவது புரோக்கரிடம் சொல்லும் பெயர். ஒரே ஐ.டி.-யில் புதியவர் வந்தால் பழையவரை வெளியேற்று என்பது நெறிமுறையின் விதி. வெளியேற்றப்பட்டது திரும்ப வந்து மற்றதை வெளியேற்றும், விடிய விடிய நாற்காலிச் சண்டை. கிளையன்ட் ஐ.டி.-யில் போர்டுக்குப் போர்டு மாறும் மேக் முகவரியைச் சேர்த்துவிட்டால் இந்தப் பிரச்சினை வராது.

எதில் அனுப்பினாலும், ஒரே ரீடிங் இரண்டு முறை வரும் என்று எதிர்பாருங்கள். சர்வர் எழுதிவிட்டது, ரசீது வழியில் தொலைந்துவிட்டது, போர்டு மறுபடி அனுப்பும். போர்டின் பெயரும் ரீடிங் எடுத்த நேரமும் சேர்ந்ததைத் தரவுத்தளத்தில் தனித்துவ சாவியாக வைத்துவிட்டால் இரண்டாவது பிரதி சத்தமில்லாமல் ஒதுக்கப்படும்.

நேரம் யாருடையது?

சேர்த்துவைத்து அனுப்புவதால் சர்வரில் வந்து சேர்ந்த நேரத்தை நம்ப முடியாது, போர்டுதான் நேரம் போட வேண்டும். போர்டோ, பவர் போய் வந்தால் 1970 ஜனவரி 1-க்குப் போய் உட்கார்ந்துவிடும். வைஃபையில் சேரும்போதெல்லாம் என்.டி.பி. (இணையத்திலிருந்து நேரம் வாங்கும் முறை) மூலம் நேரத்தைச் சரிசெய்யுங்கள், தூங்கும்போது உள்கடிகாரம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டேதான் இருக்கும். நெட் அடிக்கடி நாள்கணக்கில் போகும் இடம் என்றால் டி.எஸ்.3231 கடிகாரச் சில்லு ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். நேரத்தை எப்போதும் யு.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில் வையுங்கள், உள்ளூர் நேரமாக மாற்றுவது திரையின் வேலை. சர்வரில் இரண்டு நெடுவரிசை: அளந்த நேரம், வந்த நேரம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தாலே நெட் எப்போதெல்லாம் போனது என்று தெரியும்.

டி.எல்.எஸ். என்ற மறையாக்கம் போட்டு அனுப்புபவர்கள் இதில் ஒரு முடிச்சைக் கவனிக்க வேண்டும். கடிகாரம் 1970-ல் இருந்தால் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாக ஆரம்பிக்கவில்லை என்று இணைப்பே மறுக்கப்படலாம். முதலில் என்.டி.பி., பிறகுதான் டி.எல்.எஸ்.

பாதுகாப்பு என்று தனியாகப் பெரிய வகுப்பு எடுக்கப்போவதில்லை. போர்டு வெளியே பேசட்டும், வெளியிலிருந்து யாரும் போர்டுக்குள் வர வழி வைக்காதீர்கள். ரவுட்டரில் எம்.க்யூ.டி.டி.-யின் 1883 போர்ட்டைத் திறந்துவிட்டு உலகத்துக்கே புரோக்கரைக் காட்டாதீர்கள், வெளியே போக வேண்டும் என்றால் 8883-ல் டி.எல்.எஸ். ஒவ்வொரு போர்டுக்கும் தனிக் கடவுச்சொல், ஒன்று திருடுபோனால் அதை மட்டும் வெட்டிவிடலாம். மஸ்கிட்டோ புரோக்கர் நிறுவியதும் வேறு கணினியிலிருந்து இணைய முடியவில்லையே என்று முழிப்பவர்களுக்கு: 2.0 பதிப்பிலிருந்து நீங்கள் அமைப்புக் கோப்பில் சொன்னால் ஒழிய அது தன் கணினிக்குள் மட்டுமே கேட்கும். கோளாறு இல்லை, வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள்.

சர்வர் பக்கம்

எப்போதும் ஓடும் சின்னக் கணினி ஒன்று போதும். தரவுத்தளம் இன்ஃப்ளக்ஸ்டிபியா எஸ்க்யூலைட்டா என்று சண்டை போட வேண்டாம், நாளைக்கு 144 வரிக்கு எதுவும் போதும். வரைபடத்துக்கு கிராஃபானா நன்றாக இருக்கும். சென்சார் கொடுத்த எண்ணை அப்படியே சேமியுங்கள், திருத்தம் எல்லாம் பிறகு சர்வரில். போர்டிலேயே திருத்தி அனுப்பிவிட்டு, திருத்தக் கணக்கு தப்பு என்று ஆறு மாதம் கழித்துத் தெரிந்தால் அசலை எங்கே போய்த் தேடுவது?

முக்கியமாக, பேசாத போர்டைக் கண்டுபிடிக்க வழி செய்யுங்கள். எம்.க்யூ.டி.டி.-யில் கடைசி விருப்பச் செய்தி என்று ஒன்று உண்டு, போர்டு திடீரென்று அறுந்தால் புரோக்கர் அதன் சார்பில் அறிவிக்கும். ஆனால் முறையாக விடைபெற்றுக்கொண்டு தூங்கப் போகும் போர்டுக்கு அது உதவாது, விடைபெற்றால் அந்தச் செய்தியை புரோக்கர் தூக்கிப் போட்டுவிடும். தூங்கியது எழுந்ததா இல்லையா என்று சர்வர்தான் பார்க்க வேண்டும். மணிக்கு ஒரு முறை வர வேண்டியது மூன்று மணி நேரம் வரவில்லை என்றால் எனக்கு ஒரு செய்தி வரும்படி ஐந்து வரி நிரல் வைத்திருக்கிறேன், இந்த முழு அமைப்பிலும் எனக்கு அதிகம் பயன்பட்டது அதுதான். புரோக்கரில் ரிட்டெய்ன் போட்டு (கடைசிச் செய்தியைப் பத்திரப்படுத்தி) வைத்த செய்தியை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், போர்டு போன மாதமே செத்திருந்தாலும் கடைசி ரீடிங் இப்போதுதான் வந்தது போலத் திரையில் நிற்கும்.

மாட்டுவதற்கு முன்னால்

பெட்டியை மூடும் முன் ஒரு வாரம் மேசையில் ஓடவிட்டு, நீங்களே கெடுத்துப் பாருங்கள். ரவுட்டரை ஓர் இரவு அணைத்துவையுங்கள். காலையில் போட்டதும் இரவின் ரீடிங் எல்லாம் சரியான நேரத்தோடு வரிசையாக வந்து விழ வேண்டும். சென்சார் ஒயரைப் பிடுங்குங்கள், வரைபடத்தில் கோடு நிற்க வேண்டும், -127-க்குப் பாயக்கூடாது. சர்வரை மட்டும் நிறுத்துங்கள், வைஃபை இருக்கும் ஆனால் பதில் இல்லை, இந்த நிலையில்தான் பல நிரல்கள் தொங்கிப்போகும், அதற்கும் ஒரு காலவரம்பு வேண்டும். எதற்கும் நிரல் தொங்கினால் போர்டை ரீசெட் செய்யும் வாட்ச்டாக் டைமரைப் போட்டுவையுங்கள். கடைசியாகப் பேட்டரியைக் கழற்றி மாட்டுங்கள், 1970 என்று தேதியிட்ட ரீடிங் ஒன்றுகூட சர்வருக்குள் நுழையக்கூடாது.

சால்டர் இல்லாமல் ஒயர் செருகும் பிரெட்போர்டை அப்படியே பெட்டிக்குள் வைக்காமல் சால்டர் செய்துவிடுங்கள். ஒயர் நுழையும் துளை பெட்டியின் அடிப்பக்கம் இருக்கட்டும், ஒயர் துளையை விடக் கீழே தொங்கி வளைந்து மேலேறி நுழைந்தால் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், உள்ளே வராது. காற்றின் வெப்பத்தை அளப்பவர்கள் சென்சாரை போர்டுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், போர்டின் சூட்டையும் சேர்த்து அளக்கும். மூடியின் உள்ளேயும் வெளியேயும் போர்டின் பெயர், மேக் முகவரியின் கடைசி நான்கு எழுத்து, பேட்டரி மாட்டிய தேதி மூன்றையும் அழியாத பேனாவால் எழுதுங்கள். நான்கு பெட்டி ஆனதும் எது எது என்று திறந்து திறந்து பார்த்தவன் சொல்கிறேன்.